துளையில் மூக்கை நுழைக்கும் முன்பே ஏறும் கோடு: ஒளியிழை வழியே டோபமைனை அளப்பது பற்றிய நிகழ்வு ஆய்வு

எலி பெட்டிக்குள் நிற்கிறது. சுவரில் நடுத்துளையின் விளக்கு எரிகிறது. எலி உடனே வருவதில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்து விளக்கை நோக்கி நடந்து, துளைக்குள் மூக்கை நுழைக்கிறது. அந்தச் சில அடி நடையிலேயே மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் டோபமைன் என்னும் நரம்பு வேதிப்பொருள் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த டோபமைனை அனுப்பும் நரம்பணுக்கள் இருப்பது நடுமூளையின் வி.டி.ஏ. பகுதியில். அங்கே மின்துடிப்புகளை எண்ணிப் பார்த்தால் அதே நேரத்தில் அந்த ஏற்றம் இல்லை.

அலி மொஹெபியும் ஜோஷ்வா பெர்க்கும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2019-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவின் சாரம் இது. அது அசைத்துப் பார்த்த படம் பழையது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பதிவு செய்த துடிப்புகளை வைத்து, அவரும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேகுவும் 1997-இல் சயன்ஸ் இதழில் எழுதிய விளக்கப்படி, டோபமைன் நரம்பணுக்கள் சொல்வது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. அந்தப் படத்துக்கு அடியில் யாரும் அதிகம் கேள்வி கேட்காத ஓர் எடுகோள் இருந்தது: நரம்பணு துடித்தால் டோபமைன் வெளிவரும், துடிக்காவிட்டால் வராது. எனவே துடிப்பை அளந்தாலே போதும்.

இந்த எடுகோளை எதிர்த்து நிற்கும் சான்றுகளில் முக்கியமான ஒன்று, டோபமைன் ஒட்டினால் பிரகாசமாகும் சென்சார் புரதத்திலிருந்து கண்ணாடி இழை வழியே வந்த பச்சை ஒளி. ஒளியிழையில் வந்து சேர்வது ஒளி மட்டுமே. அது டோபமைன் என்று சொல்வதற்கு முன் அசைவு, இரத்தம், விளக்கு, கம்பி, கணக்கு என ஒவ்வொன்றாக விலக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வை முன்னால் வைத்துக்கொண்டு அந்த வேலையை எப்படிச் செய்வது என்று பார்க்கிறோம்.

பணியும் மூன்று கருவிகளும்

எலிகளுக்குக் கொடுத்த பணி எளிமையானது. நடுத்துளை விளக்கு எரிந்ததும் மூக்கை நுழைத்துக் காத்திருக்க வேண்டும். ஒலி கேட்டதும் இடப்பக்கத் துளையையோ வலப்பக்கத் துளையையோ தேர்ந்தெடுக்க வேண்டும். சர்க்கரை உருண்டை விழுந்தால் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு பக்கமும் பரிசு தரும் வாய்ப்பு 10, 50, 90 விழுக்காடுகளில் ஒன்று. சில பத்து முயற்சிகளுக்கு ஒருமுறை அது சொல்லாமல் மாறும். பரிசு அடிக்கடி கிடைக்கும் காலத்தில் எலி சுறுசுறுப்பாகிறது, விளக்கு எரிந்ததும் வந்துவிடுகிறது. கிடைக்காத காலத்தில் தாமதிக்கிறது. அந்தத் தாமதம்தான் இங்கே உந்துதலின் அளவுகோல்.

டோபமைனை அளக்க, மூளைத் திரவத்தைச் சேகரித்து ஆராயும் மைக்ரோடயாலிசிஸ், ஒளிரும் டி-லைட் சென்சார் என்னும் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். துடிப்பை அளக்க மின்முனைகள். பதிவாகும் நரம்பணு டோபமைன் வகைதானா என்பதை, ஒளி பட்டால் நரம்பணுவைத் துடிக்கவைக்கும் சேனல்ரோடாப்சின் என்ற புரதத்தை அதில் வைத்து ஒளி காட்டி, அது உடனே பதில் தருகிறதா என்று பார்த்து உறுதி செய்தார்கள்.

மைக்ரோடயாலிசிஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒளிச் சென்சார் பத்து மில்லி விநாடியில் பதில் தரும்போது நிமிடக் கணக்கில் திரவம் சேகரிக்கும் பழைய முறை தேவையா? தேவை. ஒளி முறையின் மிகப் பெரிய பலவீனம் மெதுவான மாற்றங்களில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரப் பதிவில் சென்சார் ஒளி பட்டுப் பட்டு மங்குகிறது, இழையின் சொந்த ஒளிரலும் குறைகிறது. அந்தச் சரிவைக் கணக்கில் நீக்கும்போது, நிமிடக் கணக்கில் உண்மையாக நிகழ்ந்த டோபமைன் மாற்றமும் கூடவே போய்விடும். அல்லது நீக்காமல் விட்ட மங்கல், டோபமைன் குறைந்ததுபோல் தோன்றும். ‘பரிசு வீதம் உயர்ந்தபோது அடிப்படை டோபமைன் உயர்ந்தது’ என்ற கூற்றை ஃபோட்டோமெட்ரி (ஒளியிழை வழியே சென்சார் ஒளியை அளக்கும் முறை) மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கென்னடியின் குழு வளர்த்த முறையில், மாதிரியைப் பென்சாயில் குளோரைடுடன் வினைபுரியவைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தால், ஒரு நிமிடத்துக்கு ஒரு மாதிரி என்ற வேகம் கிடைக்கிறது. அது மூலக்கூறையே எடைபோடுவதால், அளப்பது டோபமைனா வேறொன்றா என்ற ஐயமும் எழுவதில்லை. மெதுவான கேள்வியை மைக்ரோடயாலிசிஸிடமும், வேகமான கேள்வியை டி-லைட்டிடமும் கேட்டதுதான் இந்த ஆய்வின் உண்மையான பலம் என்பது எங்கள் மதிப்பீடு.

சென்சாரைத் தேர்வது

டி-லைட்டை 2018-இல் சயன்ஸ் இதழில் அறிமுகப்படுத்தியவர்கள் டொமாசோ பேட்ரியார்க்கி, லின் தியான் முதலியோர். அப்போது அவர்கள் இருந்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். டோபமைன் ஒட்டும் ஏற்பிகளில் ஒன்றான மனித டி1 ஏற்பியின் உள்பக்க மூன்றாம் வளையத்தை எடுத்துவிட்டு, அங்கே வட்டமாகத் திருப்பி இணைத்த பச்சை ஒளிர்புரதத்தைப் பொருத்தினார்கள். டோபமைன் வந்து ஒட்டும்போது ஏற்பி வளைகிறது, அந்த வளைவு ஒளிர்புரதத்தை இன்னும் பிரகாசமாக்குகிறது. ஜி-புரதம் ஒட்டும் இடம் போய்விட்டதால் செல்லுக்குள் சமிக்ஞை எதுவும் போவதில்லை. அதே ஆண்டில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் யூலாங் லியின் குழு செல் இதழில் வெளியிட்ட கிராப்-டிஏ இதே யோசனையை டி2 ஏற்பியில் செய்தது.

எந்தச் சென்சார் நல்லது என்பதை, எவ்வளவு டோபமைனை, எவ்வளவு வேகத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் முடிவு செய்யும். டி-லைட் 1.1 சுமார் 330 நானோமோலாரில் பாதி நிரம்பும், 1.2 சுமார் 770-இல், 1.3பி ஏறக்குறைய 1600-இல். முதல் தலைமுறை கிராப்-டிஏ1ஹெச் சுமார் 10 நானோமோலாரிலேயே பாதி நிரம்பிவிடும். ஆனால் இறுகப் பிடிக்கும் சென்சார் மெதுவாகத்தான் விடும். டி-லைட் 1.2 சுமார் 10 மில்லி விநாடியில் ஏறி 100 மில்லி விநாடிக்குள் இறங்குகிறது. டிஏ1ஹெச் இறங்க ஏறக்குறைய 2.5 விநாடி ஆகிறது.

எலி நடந்து வரும் இரண்டு விநாடியில் டோபமைன் படிப்படியாக ஏறுகிறதா என்பதுதான் நம் கேள்வி. அதற்கு 2.5 விநாடி வால் உள்ள சென்சாரைப் போட்டால், நாலைந்து தனித்தனிக் குறுந்துடிப்புகள்கூட ஒன்றன் வாலில் ஒன்று ஏறிச் சேர்ந்து வழவழப்பான ஏற்றமாகத் தெரியும். 100 மில்லி விநாடி சென்சாரில் அந்தக் குழப்பம் இல்லை. மறுபக்கம், டோபமைன் நரம்பிழை குறைவாக உள்ள முன்நெற்றிப் புறணியில் டி-லைட் 1.3பி போட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதும் பயனற்றது. அங்கே இறுகப் பிடிக்கும் சென்சார் வேண்டும். அதே இடத்தில் டோபமைனை ஒத்த நோர்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளும் தாராளமாக இருக்கிறது. டி-லைட் அதைப் பல பத்து மடங்கு குறைவாகவே உணர்ந்தாலும், டோபமைனே கொஞ்சமாக உள்ள இடத்தில் அந்தக் குறைவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அறுவை

எலியின் அக்கம்பென்ஸ் மையப் பகுதிக்கு, மண்டையோட்டின் அடையாளப் புள்ளியான ப்ரெக்மாவிலிருந்து முன்னோக்கி சுமார் 1.7 மி.மீ., பக்கவாட்டில் 1.7 மி.மீ., ஆழம் 6.5 முதல் 7 மி.மீ. வரை. எடையும் வயதும் மாறினால் எண்களும் மாறும். முதல் இரண்டு எலிகளில் சாயம் செலுத்தி வெட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போவது, பின்னால் பத்து எலிகளை வீணாக்காமல் காக்கும்.

சென்சாரின் மரபணுவை நரம்பணுக்களுக்குள் கொண்டுசெல்லும் ஏஏவி வைரஸ், ஒரு மில்லி லிட்டருக்கு 10-இன் 12-ஆம் அடுக்கு முதல் 13-ஆம் அடுக்கு வரையிலான டைட்டரில் (செறிவில்), 500 நானோலிட்டர் முதல் 1 மைக்ரோலிட்டர் வரை போதும். வேகம் நிமிடத்துக்கு 100 நானோலிட்டரைத் தாண்ட வேண்டாம். செலுத்தி முடித்ததும் ஊசியை 10 நிமிடம் அசைக்காமல் விட்டு, பிறகு மெதுவாக உருவ வேண்டும். அவசரப்பட்டு உருவினால் வைரஸ் ஊசித் தடத்திலேயே மேலேறி, மேலே உள்ள புறணியிலும் சென்சார் முளைத்துவிடும். இழையின் பக்கவாட்டிலிருந்து அந்த ஒளி உள்ளே போகாது என்றாலும், வெட்டுப்படத்தில் எது எங்கே ஒளிர்ந்தது என்று தீர்மானிப்பது சிக்கலாகிவிடும்.

ஒளியிழையின் விட்டம் 400 மைக்ரான், திறப்பெண் (இழை ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) 0.48 அல்லது 0.50. நுனி வைரஸ் செலுத்திய புள்ளிக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. மேலே நிற்க வேண்டும். வந்து சேரும் ஒளியில் பெரும்பகுதி நுனிக்குக் கீழே சில நூறு மைக்ரானுக்குள்ளிருந்து வருவதுதான். அரை மி.மீ. தள்ளிப் போனால் சென்சார் பிரமாதமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், பதிவில் ஒன்றும் இருக்காது. இழையை இறக்கும்போது நிமிடத்துக்கு ஒரு மி.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் திசு அமுங்குவதும் இரத்தக் கசிவும் குறையும். நுனியில் உறைந்த ஒரு துளி இரத்தம் நீல ஒளியையும் பச்சை ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

பல் சிமெண்டில் ஒரு சிறு விஷயம். வெளிர்நிறச் சிமெண்ட் அறை விளக்கை உள்ளே கடத்தும், தானும் சற்று ஒளிரும். கரித்தூள் கலந்த கறுப்புச் சிமெண்ட் இந்த இரண்டையும் நிறுத்தும். பதிவைத் தொடங்க 3 முதல் 4 வாரம் காத்திருங்கள்.

ஒளிப்பாதையும் கம்பியும்

470 நானோமீட்டர் எல்.இ.டி. டோபமைன் சிக்னலுக்கு, 405 ஒப்பீட்டுக்கு. திரும்பி வரும் ஒளியை 500–550 வடிகட்டி வழியாக டிடெக்டருக்கு அனுப்புகிறோம். இரண்டு எல்.இ.டி.களையும் வெவ்வேறு அதிர்வெண்ணில் மினுக்கவைத்து, ஒரே டிடெக்டரில் வரும் கலவையைப் பின்னால் பிரிப்பது வழக்கம். 211, 531 ஹெர்ட்ஸ் ஒரு நல்ல இணை. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸின் மடங்குகளில் இவை விழுவதில்லை. ஒன்றின் மடங்கு மற்றொன்றின் மேல் விழுவதுமில்லை. அதிர்வெண்ணை விருப்பம்போல் உயர்த்த முடியாது. வழக்கமாகப் பயன்படும் ஃபெம்டோவாட் டிடெக்டர் ஒன்றின் பட்டையகலம் 750 ஹெர்ட்ஸ்தான். 1000 என்று வைத்தால் சிக்னல் டிடெக்டருக்குள்ளேயே தேய்ந்துவிடும்.

நுனியில் ஒளித்திறன் 20 முதல் 50 மைக்ரோவாட். ஒவ்வொரு நாளும் கம்பி முனையில் பவர் மீட்டர் வைத்து அளந்து எழுத வேண்டும். மீட்டரில் அலைநீளத்தை 470 என்று மாற்ற மறந்தால் எண் தவறும். மினுக்கும் நிலையில் அது காட்டுவது சராசரியைத்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும். சிக்னல் சிறியதாக இருக்கிறது என்று திறனை ஏற்றுவது முதலில் கை போகும் இடம், கடைசியாகத் தொட வேண்டியதும் அதுதான். திறனை ஏற்றினால் மங்கலும் ஏறும்.

எலியின் தலையில் உள்ள இழையைக் கருவியோடு இணைக்கும் ஒளியிழைக் கம்பியான பேட்ச் கார்டின் சொந்த ஒளிரலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எண்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மொத்தமாக 100 அலகு ஒளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 கார்டின் ஒளிரல், 40 சென்சாருடையது. டோபமைன் வந்து சென்சார் 10 விழுக்காடு பிரகாசமானால் கூடுவது 4 அலகு. நாம் கணக்கிடும் டெல்டா எஃப்/எஃப் (அடிப்படை ஒளியோடு ஒப்பிட்ட மாற்றம்) 4 விழுக்காடு; உண்மை 10. அதோடு போகவில்லை. பதிவு நடக்க நடக்க கார்டு மங்கி 60-இலிருந்து 50 ஆகிறது. இப்போது அதே 4 அலகு, 90-இல் 4.4 விழுக்காடு. டோபமைன் துளியும் மாறாமலே, பதிவின் முடிவில் பதில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது. கற்றலைப் பற்றிய ஆய்வில் இது எப்படிப்பட்ட தவறான கதையைச் சொல்லவைக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. முதல் நாள் இரவே 470 எல்.இ.டி.யை முழுத் திறனில் கார்டு வழியே ஓடவிட்டுக் கார்டை மங்கவைப்பது. மறுநாள் எலியில் மாட்டும் முன், கார்டு முனையை இருட்டில் பிடித்து வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கில் அதைக் கழிப்பது. கழித்தபின் மிஞ்சுவது கார்டின் எண்ணைவிடச் சிறிது என்றால், அந்த எலியில் சென்சார் சரியாக வெளிப்படவில்லை அல்லது முனை அழுக்காக இருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கார்டையும் தலையில் உள்ள இழையையும் இணைக்கும் சிர்கோனியா ஸ்லீவ் தளர்ந்திருந்தால் எலி தலையைத் திருப்பும்போதெல்லாம் கோடு குதிக்கும். ஸ்லீவை ஒட்டவைக்க முயல வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். ஃபெருலின் (இழை முனையைத் தாங்கும் சிறு குழாயின்) இரு முகங்களும் முழுமையாகத் தொடுகின்றனவா என்பதை ஸ்லீவின் பிளவு வழியே கண்ணால் பார்த்தே உறுதி செய்யலாம்.

405 தரும் தொல்லை

405-இல் தூண்டினால் சென்சாரின் ஒளிர்வு டோபமைனைப் பொறுத்து மாறாது, எனவே அதில் தெரிவதெல்லாம் அசைவும் மங்கலும்தான், அதைக் கழித்துவிட்டால் மிச்சம் டோபமைன் என்பது வழக்கமான பாடம். கால்சியம் சென்சாரான ஜிகேம்ப்புக்கு இது ஓரளவு பொருந்தும். பல டோபமைன் சென்சார்களில் மாறாப் புள்ளி (டோபமைன் வந்தாலும் ஒளிர்வு மாறாத அலைநீளம்) 405-ஐவிடச் சற்று நீண்ட அலைநீளத்தில் இருக்கிறது. அப்படியானால் 405-இல் டோபமைன் வரும்போது ஒளி சிறிது குறையும். 470 ஏற, 405 இறங்கும்.

இதன் விளைவு கணக்கில்தான் வெடிக்கும். வழக்கமான முறை, 405 கோட்டை 470 கோட்டுக்கு நேர்கோட்டுப் பொருத்தத்தால் இழுத்துப் பொருத்தி, வித்தியாசத்தை எடுப்பது. டோபமைன் வந்தால் 470 கோடு 5 விழுக்காடு ஏறி, 405 கோடு 1 விழுக்காடு இறங்குகிறது என்று வையுங்கள். பதிவில் அசைவைவிட டோபமைன் ஏற்றத்தாழ்வே பெரிது என்றால், பொருத்தத்தின் சரிவு எதிர்மறையாக வரும், ஏறக்குறைய −5. அந்தப் பொருத்தக் கோடு டோபமைனையே வரைந்து காட்டும். அதைக் கழித்தால் டோபமைன் காணாமல் போகும். பதிவின் பெரும்பகுதி மங்கலாலேயே தீர்மானிக்கப்பட்டுச் சரிவு நேர்மறையாக வந்தால், தலைகீழாக நடக்கும்: 405-இன் இறக்கமும் சேர்ந்து டோபமைன் ஏற்றம் ஊதிப் பெருகும். ஒரே தரவு, மென்பொருளின் இரண்டு இயல்புத் தேர்வுகள், இரண்டு முடிவுகள்.

ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் பொருத்தத்தின் சரிவு எண்ணைக் கண்ணால் பாருங்கள். எதிர்மறை என்றால் அந்தத் திருத்தத்தைத் தொடாதீர்கள். 470-இன் மங்கலை மட்டும் இரட்டை அடுக்குறிக் கோட்டால் நீக்கி, அசைவுக்கு வேறு சான்று தேடுங்கள். 405-க்குப் பதில் 415 அளவில் எல்.இ.டி. போடுவது ஒரு வழி. இன்னும் நம்பகமானது, அதே இடத்தில் டிடி-டொமேட்டோ என்ற சிவப்புப் புரதத்தையும் வெளிப்படுத்தி, 560 நானோமீட்டரில் தூண்டி அதை ஒப்பீடாகக் கொள்வது. டோபமைன் அதைத் தொடுவதில்லை, அசைவும் வளைவும் தொடும்.

இரத்தமும் அசைவும் விளக்கும்

நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஓரிரு விநாடியில் இரத்தம் கூடும். ஹீமோகுளோபின் 405–430 அலையை மிக அதிகமாகவும், 470-ஐ அதைவிடக் குறைவாகவும் விழுங்கும். எனவே இரத்தம் கூடும்போது 405 பலமாக இறங்கும், 470 மெல்ல இறங்கும். 405-ஐக் கழித்தால் 470 பொய்யாக மேலெழும். பரிசு கிடைத்த 2 முதல் 4 விநாடிக்குப் பிறகு தோன்றும் மெதுவான மேடு எதையும் இந்த ஐயம் தீராமல் டோபமைன் என்று எழுதக் கூடாது.

நம் ஆய்வின் ஏற்றத்தில் அதைவிடப் பெரிய ஐயம் உண்டு. எலி நடக்கும்போதுதான் கோடு ஏறுகிறது. நடை என்றாலே அசைவு. கார்டு வளைகிறது, தலை தூக்கப்படுகிறது, மூளை சற்று நகர்கிறது. இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி ஒன்றுதான்: டோபமைன் ஒட்டவே முடியாதபடி ஓர் அமினோ அமிலம் மாற்றிய சென்சாரை வேறு எலிகளில் வைத்து, அதே பணியை அதே பயிற்சியோடு செய்யவிட்டு, அதே கணக்கை ஓட்டுவது. டி-லைட்டில் டி103ஏ என்ற மாற்றம் இதற்கென்றே செய்யப்பட்டது. அது கிடைக்காவிட்டால் சாதாரணப் பச்சை ஒளிர்புரதம். இந்த எலிகள் உங்கள் கணக்கு முறையின் சோதனையும்கூட. இங்கேயும் கோடு ஏறினால், முதல் எலிகளில் ஏறியதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சில ஆய்வகங்கள் ஒரே ஓர் எலியில் இதைச் செய்துவிட்டு நகர்கின்றன. குறைந்தது நான்கைந்து வேண்டும். அவை கூண்டில் சும்மா உலவாமல், முழுப் பணியையும் கற்றவையாக இருக்க வேண்டும்.

விளக்கைப் பற்றி. துளை விளக்கு பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அதன் ஒளி 500–550 வடிகட்டிக்குள் நேராக நுழையும். நிலையான ஒளியை மினுக்கல் முறை வடிகட்டிவிடும். ஆனால் விளக்கு அணைந்து எரியும் அந்த விளிம்பில் ஒரு கூர்முனை தப்பி வரும். அது சரியாகக் குறிப்பு விளக்கு எரியும் கணத்தில் வருவதால், 50 மில்லி விநாடியில் எழுந்த அழகான டோபமைன் பதிலாகத் தெரியும். பதிவு தொடங்கும் முன் 10 நிமிடச் சோதனை: எலி இல்லாமல், ஃபெருலைப் பெட்டியின் தரையிலிருந்து எலித் தலை உயரத்தில் பிடித்து, பணி நிரலை முழுமையாக ஓட்டி, விளக்கு எரிந்த கணங்களுக்குச் சராசரி எடுங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லீவின் மேல் கறுப்பு வெப்பச் சுருக்குக் குழாய், விளக்குக்கு முன்னால் சிவப்பு வடிகட்டி. சிவப்பை எலி மங்கலாகவே காணும் என்பதால், பணி கற்பிக்கும் முன்பே அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

சராசரி உண்டாக்கும் சரிவு

இனி நடத்தையோடு பொருத்தும் இடம். ஒவ்வொரு முயற்சியிலும் டோபமைன் படிப்படியாக ஏறவில்லை, ஒரே தாவலாக மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாவல் சில முயற்சிகளில் மூக்கை நுழைக்க 2 விநாடி முன்பும், சிலவற்றில் 1 விநாடி முன்பும், சிலவற்றில் அரை விநாடி முன்பும் நிகழ்ந்தால், நுழைத்த கணத்தில் பொருத்திச் சராசரி எடுக்கும்போது வழவழப்பான ஏற்றம் கிடைக்கும். அது சராசரியின் வேலை.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, எல்லா முயற்சிகளையும் வரிசை வரிசையாக வண்ணப்படமாக வரைந்து, தாமத நேரத்தின்படி அடுக்குவது. விளக்கு எரிந்த கணத்தோடு ஒட்டியிருக்கும் பதில் நேர்க் கோடாகத் தெரியும். நுழைத்த கணத்தோடு ஒட்டியிருப்பது தாமதம் கூடக் கூடச் சாய்ந்து போகும். நடுவில் விரியும் ஆப்பு வடிவம் இருந்தால் அது உண்மையான ஏற்றம். மொஹெபியின் ஆய்வு தாமதம் குறைந்த முயற்சிகளையும் நீண்டவற்றையும் பிரித்துப் பார்த்ததன் பயன் இங்கேதான். உடனே வரும் முயற்சிகளில் விளக்கும் நடையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எதற்கு எது பதில் என்று சொல்ல முடியாது. தாமதித்து வருபவற்றில்தான் விளக்கிலிருந்து நடை பிரிந்து தெரிகிறது. அங்கேதான் டோபமைன் ஏற்றம் இருந்தும் துடிப்பு ஏற்றம் இல்லை. உருண்டை விழும் ‘டிக்’ சத்தத்திலோ இரண்டும் ஒத்துப்போயின. பரிசு அரிதாக இருந்த காலத்தில் பதில் பெரிது, அடிக்கடி கிடைத்த காலத்தில் சிறிது. ஷுல்ட்ஸ் சொன்னது அந்த இடத்தில் அப்படியே நிற்கிறது.

புள்ளிவிவரத்தில் ஒன்று மட்டும். ஓர் எலியின் 300 முயற்சிகள் 300 தனித்தனிச் சான்றுகள் அல்ல. எண்ணிக்கை என்பது எலிகளின் எண்ணிக்கை. சென்சார் வெளிப்பாடு எலிக்கு எலி வேறுபடுவதால் டெல்டா எஃப்/எஃப்-ஐ நேரடியாக ஒப்பிட முடியாது. அந்த எண்ணிலிருந்து நானோமோலாரும் கிடைக்காது. ஒரே எலிக்குள், ஒரே பதிவுக்குள் ஒப்பிடுவதுதான் உறுதியானது.

மருந்தால் வரும் பிழை

டோபமைனைத் தடுத்தால் நடத்தை மாறுகிறதா என்று பார்க்க, எலிக்கு டி1 ஏற்பியைத் தடுக்கும் எஸ்சிஹெச்-23390 மருந்தைக் கொடுத்துவிட்டு டி-லைட்டில் பதிவு செய்கிறார்கள். சிக்னல் அடியோடு போகிறது. ‘மருந்து டோபமைன் வெளியீட்டை நிறுத்தியது’ என்று எழுதிவிடுகிறார்கள். டி-லைட்டே டி1 ஏற்பியிலிருந்து செய்யப்பட்டது. மருந்து சென்சாரை அடைத்திருக்கிறது; டோபமைன் வெளிவந்துகொண்டேதான் இருக்கும். கிராப்-டிஏ டி2-வில் ஆனது என்பதால் ஹாலோபெரிடால், எடிக்லோபிரைட் போன்றவை அதை அடைக்கும். மருந்து ஆய்வு என்றால் மருந்து தொடாத ஏற்பியில் ஆன சென்சாரைத் தேர்ந்தெடுங்கள்.

இதே குணம் நல்ல பயன்பாடும் ஆகிறது. எல்லாப் பதிவுகளும் முடிந்த கடைசி நாளில் சென்சாரை அடைக்கும் மருந்தைக் கொடுத்து, எலி இன்னும் நடக்கும் அளவில் பணியை ஓட்டுங்கள். மருந்துக்குப் பிறகும் மிஞ்சும் ஏற்ற இறக்கம் எதுவோ, அது டோபமைன் அல்லாத ஒன்று. அதன்பிறகு மூளையை வெட்டி, இழை நுனி எங்கே நின்றது என்று அட்லஸில் குறித்து, இடம் தவறிய எலிகளை நீக்குங்கள். நீக்கும் முடிவு தரவைப் பார்க்காத ஒருவருடையதாக இருக்கட்டும்.

எதிர்வாதம்

இத்தனையையும் தாண்டினாலும், டோபமைன் ஏறுகிறது என்பது ஒரு கூற்று, துடிப்பு இல்லாமல் ஏறுகிறது என்பது வேறொரு கூற்று. இரண்டாவதை ஒளி மட்டும் சொல்ல முடியாது. துடிப்பைப் பதிந்தது வி.டி.ஏ.யின் பக்கப் பகுதியில், அதுவும் வேறு எலிகளில். ஒளியிழை கேட்பது அங்கே வந்து முடியும் எல்லா நரம்பிழைகளின் கூட்டொலியை. பதியப்படாத வேறொரு சிறு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தால்?

ஹார்வர்டில் நவோஷிகே உச்சிடாவின் குழு 2020-இல் செல் இதழில் இதற்கு நேரான பதிலை வைத்தது. சுண்டெலிகளை மெய்நிகர்ப் பாதையில் ஓடவிட்டு, நடுவழியில் திடீரென முன்னால் தாவவைத்து, காட்சி நகரும் வேகத்தையும் மாற்றினார்கள். டோபமைன் ஏற்றம் எதிர்பார்ப்பு வித்தியாசத்தின் கணக்கோடு பொருந்தியது, துடிப்பிலும் ஏற்றம் தெரிந்தது. அவர்களின் பணியில் பரிசு எவ்வளவு அருகில் என்பதைக் காட்சி தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. பெர்க்கின் எலிகளுக்கு அப்படியில்லை. இந்த வேறுபாடு போதுமான விளக்கமா என்பது இன்னும் முடியாத வாதம்.

நரம்பிழை முனையிலேயே டோபமைனை வெளியிடவைக்கும் வழி ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை. அசிட்டைல்கோலின் நரம்பணுக்கள் ஒன்றாகத் துடித்தால், டோபமைன் நரம்பிழையில் உள்ள நிகோட்டினிக் ஏற்பிகள் வழியாக டோபமைன் வெளிவருவதை 2012-இலிருந்தே மூளைத் துண்டுகளில் காட்டியிருக்கிறார்கள். பெர்க்கின் குழு 2023-இல் ஈலைஃப் இதழில், அக்கம்பென்ஸில் அந்த அசிட்டைல்கோலின் நரம்பணுக்களும் எலி நெருங்கும்போது ஏறுகின்றன என்று காட்டியது. அதே ஆண்டு நேச்சரில் வந்த இரண்டு ஆய்வுகள், அக்கம்பென்ஸை உள்ளடக்கிய ஸ்ட்ரையேட்டத்தின் வேறு பகுதிகளில் பார்த்து, அசிட்டைல்கோலின் இல்லாமலும் டோபமைன் ஏற்றத்தாழ்வு பெருமளவு தொடர்கிறது என்றன. பகுதி வேறு, பணி வேறு.

இதைத் தீர்க்க விரும்புபவர்கள் இயல்பாகச் செல்லும் அமைப்பு, ஒரே இழையில் பச்சை அசிட்டைல்கோலின் சென்சாரும் சிவப்பு டோபமைன் சென்சாரும். இங்கே காத்திருக்கும் குழி ஒன்று. ஆர்-டிலைட் போன்ற சிவப்புச் சென்சார்கள் எம்-ஆப்பிள் புரதத்தில் ஆனவை. அந்தப் புரதத்தின் மேல் நீல ஒளி பட்டாலே அதன் ஒளிர்வு தானாக மாறும், டோபமைன் வந்தாலும் வராவிட்டாலும். பச்சைச் சென்சாருக்காகப் போடும் 470 ஒளி சிவப்புச் சேனலில் ஏற்றமாகத் தெரியும். இரண்டு கோடுகளும் கைகோத்து ஏறுவதுபோல் இருக்கும். பதிவுக்கு முன் சிவப்புச் சென்சார் மட்டும் உள்ள எலியை மயக்கத்தில் வைத்து, 560 எல்.இ.டி.யைத் தொடர்ந்து எரியவிட்டு, 470-ஐ 30 விநாடிக்கு ஒருமுறை 5 விநாடி எரித்து அணையுங்கள். சிவப்புக் கோடு படிக்கட்டாக அசைந்தால் 470-இன் திறனைப் பாதியாகக் குறைத்து மறுபடி எரித்துப் பாருங்கள். படிக்கட்டு இரைச்சலுக்குள் மறையும் திறன் எதுவோ, அதுதான் அந்த எலியில் நீங்கள் பயன்படுத்தக்கூடிய உச்ச அளவு.